உப்பாற்றுப் பாலத்தைப் பிடித்திருந்தவர்

செத்த பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலை பார்த்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அப்பாசாமி என்று பெயர். நாமெல்லாம் உயிரோடு இருக்கும்போதே ஓய்வு வாங்கிக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருக்கிறோம். அவர் செத்தும் படுக்கவில்லை. ஒரு பாலத்தை, முழுக் கான்கிரீட் பாலத்தை, ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உப்புத் தண்ணீரில் நின்றார். வெயிலிலும் மழையிலும். சுறா வந்தால் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு.

நான் இப்படி ஆரம்பித்ததும் ஷவுக்கத் பாய் சிரித்த சிரிப்பில், சிரட்டையில் இருந்த நங்கோனா வேர்ச்சாறு அவர் சட்டையிலேயே கொட்டிவிட்டது.

"பொன்சாமி அண்ணே, இருட்டினதும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சுறாவை வேணும்னா எடுத்துடறேன் பாய். பாலம் இருக்கட்டும்."

சமபுலாவில் என் சிநேகிதன் சதேந்திராவின் வீடு. புயல் வருகிறதென்று ரேடியோ சொல்லியிருந்தது. ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்தாயிற்று. கரண்ட் போய்விட்டது. தரையில் விரித்த கோரைப்பாயின் நடுவில் ஒரு லாந்தர், பக்கத்தில் நங்கோனாச் சட்டி. சுற்றி நாங்கள். சதேந்திராவின் பேரப்பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் சுருண்டிருந்தார்கள். அதுகளுக்குத் தமிழ் பாதிதான் புரியும், மீதியைச் சதேந்திரா காதில் ஹிந்தியில் ஊதிக்கொண்டிருந்தான். லாமியில் கடலோரத்து வீட்டைப் பூட்டிவிட்டு ஷவுக்கத்தும் அவர் மனைவி ஸைராவும் இங்கே வந்து ஒதுங்கியிருந்தார்கள்.

ஷவுக்கத் ரோடு இலாகாவில் ஓவர்சியராக இருந்தவர். இந்தத் தீவில் அவர் சுத்தியலால் தட்டிப் பார்க்காத பாலம் கிடையாது. பேயை நம்பமாட்டார். என்னை அதைவிடக் கொஞ்சம் குறைவாக நம்புவார். நான் குயின்ஸ் ரோட்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவன். என் பஸ்ஸில் ஏறாத பேய் இல்லை என்று நான் சொன்னால், "சீட்டுல உக்காந்துச்சா, நின்னுக்கிட்டு வந்துச்சா?" என்று கேட்கிற ஆள் அவர்.

ஆனால் இந்தக் கதையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அது அவருக்கும் தெரியும். இருபது வருஷமாக அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தையைப் பிடுங்க நான் பார்க்கிறேன். கிடைத்ததெல்லாம் இதுதான்: "துரு. வேற ஒண்ணும் இல்ல."

"இவரு நம்பமாட்டாராம்!" என்றாள் ஸைரா. "புயலுக்கு ஓடி வர்றப்போ என் நகைப் பெட்டியை மறந்துட்டு வந்துட்டாரு அண்ணே. ஒரு துருப்பிடிச்ச கம்பியை மட்டும் சாக்குல சுத்தி மறக்காம எடுத்துக்கிட்டு வந்திருக்காரு. பாருங்க, பெஞ்சுக்கு அடியில."

"அது சாம்பிள்," என்றார் ஷவுக்கத். "துரு எப்படிப் பிடிக்கும்னு காட்டறதுக்கு வச்ச சாம்பிள். நீங்க சொல்லுங்க அண்ணே, பொழுது போகட்டும்."

சொன்னேன்.

பேய்க்கதை என்றால் நடுராத்திரியில் நடக்க வேண்டும் என்பார்கள். என் பேய் அந்த ஜாதி இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி. உச்சி வெயில். சிகடோகா தாண்டி, குயின்ஸ் ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற மண் ரோடு. இரண்டு பக்கமும் கரும்பு, ஆளை மறைக்கிற உயரம். காற்று இல்லை. கரும்புச் சோகை அசையவில்லை. மைனாகூட வாயைத் திறக்கவில்லை. நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்குப் பின்னால் வருகிற மாதிரி இருக்கும்... திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

அந்த ரோடு உப்பாற்றில் போய் முடியும். கடல் ஏறினால் ஏறும், கடல் இறங்கினால் இறங்கும், அப்படி ஒரு ஆறு. அக்கரையில் நம் ஜனங்கள். கிர்மிட் என்கிற கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தம் முடிந்து, மதராஸுக்குத் திரும்பமாட்டோம் என்று நிலம் குத்தகைக்கு எடுத்து உட்கார்ந்தவர்கள். மாரியம்மன் கோயிலும் அங்கேதான். சங்கம் நடத்துகிற பள்ளிக்கூடமோ இக்கரையில். பிள்ளைகள் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நடந்து வரும். பாலம் வேண்டும் என்று சர்க்காரைக் கேட்டார்கள். அடுத்த வருஷம் என்றது சர்க்கார். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

"நாமளே கட்டுவோம்," என்றார் அப்பாசாமி.

அப்பாசாமி யார்? மில் வேலையில் கான்கிரீட் போடப் பழகினவர். ஆறரை அடி உயரம். கதவில் நுழைந்தால் நிலை பெயர்ந்துவிடும். அக்குளுக்கு ஒன்றாக இரண்டு சிமிட்டி மூட்டையை இடுக்கிக்கொண்டு, வாயில் சுலுக்கா புகைய, ஓடுவார். சுலுக்கா தெரியுமல்லவா, காய்ந்த இலையில் நாட்டுப் புகையிலையைச் சுருட்டுவது. அந்த நாற்றத்துக்குக் கொசு மூன்று மைல் தள்ளிப் போய்விடும்.

சதேந்திரா என்னைப் பார்த்து இருமினான். அப்பாசாமி அவனுக்கு உறவு. அவனுடைய தாய்மாமன் பல்ராமுக்கு மாமனார். நான் அவனைப் பார்க்காதது போல மேலே போனேன்.

சிமிட்டி வந்தது. கம்பி வந்தது. கலக்க நல்ல தண்ணீர் வேண்டும். பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்தது ஒரே ஒரு இடத்தில், கொப்பரைத் தோட்டத்துத் துரையின் குழாயில். துரை குழாய்க்குப் பூட்டுப் போட்டான். "என் தண்ணீரில் உங்கள் பாலமா?" என்று கேட்டானாம்.

அப்பாசாமி அந்தப் பூட்டைப் பார்த்தார். கடலைப் பார்த்தார்.

"கடலுக்கு எவன்டா பூட்டுப் போடுவான்?"

அவ்வளவுதான். வருஷா வருஷம் தீமிதிக்குக் கரகம் எடுப்பது அந்த முகத்துவாரத்துத் தண்ணீரில்தான். அம்மன் இறங்குகிற தண்ணீர் ஒரு பாலத்தைத் தாங்காதா என்றார். பெண்கள் குடத்துக்கு மஞ்சள் பூசி, குலவை போட்டு, கடல் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினார்கள். கடற்கரை மணல், கடல் தண்ணீர், அப்பாசாமியின் மண்வெட்டி. பாலம் எழும்பியது.

"அங்கதான் அண்ணே கெட்டுது," என்றார் ஷவுக்கத். "கடல் தண்ணியில கலந்தா சீக்கிரமா இறுகும். தட்டினா கல்லு மாதிரி கேக்கும். பார்க்கிறவன் ஏமாந்துடுவான். உள்ள போன உப்பு சும்மா இருக்காது. கம்பியைத் தின்னும். தின்னத் தின்ன கம்பி வீங்கும். வீங்கி வீங்கி கான்கிரீட்டை உள்ளேருந்து பொளக்கும். அம்மன் தண்ணியா இருந்தாலும் சரி, ஜம்ஜம் தண்ணியா இருந்தாலும் சரி, உப்பு உப்புதான்."

"பார்த்தியா, என்னைவிட நல்லா பயமுறுத்தறாரு," என்றேன்.

முதல் வண்டி பாலத்தில் ஏற வேண்டும். யாரும் ஏறவில்லை. மாடுகூட மறுத்தது. அப்பாசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீரில் இறங்கினார். பாலத்தின் நட்டநடுவில், குறுக்கு உத்தரத்துக்குக் கீழே போய் நின்று, கையை உயர்த்தி உத்தரத்தைப் பிடித்தார்.

"விழுந்தா என் தலையில விழட்டும்! ஓட்டுடா வண்டியை!"

ஓட்டினார்கள். விழவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தீமிதிக்கும் கரகம் பாலத்தைத் தாண்டும்போது அவர் கீழே போய் நிற்பார். அதுவே வழக்கமாகிவிட்டது. மேலே உடுக்கை, கீழே அப்பாசாமி. உயரமான ஆள் இல்லையா, உத்தரம் இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும்.

சதேந்திரா மறுபடியும் இருமினான்.

வருஷங்கள் போயின. பாலத்தின் அடிவயிற்றில் சிவப்பாக ஏதோ கசிந்தது. "அம்மன் குங்குமம்," என்றார் அப்பாசாமி. பெண்கள் அதை நம்பிப் பூப்போட்டார்கள். அப்புறம் நீள நீளமாக வெடிப்பு. பூச்சு பூசினார். மறுபடி வெடித்தது. மறுபடி பூசினார். தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து தண்ணீரில் விழும்... தொபக்... பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். "மீனு துள்ளுது," என்பார்.

அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும். ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. படுத்த படுக்கையில் மகள் கம்லா கேட்டாள், இனிமேல் தீமிதிக்குக் கீழே யார் நிற்பது என்று.

"எவனும் நிக்க வேணாம். நான் பார்த்துக்கிறேன்."

அதோடு கண்ணை மூடினார்.

வெளியே மழை பலகையில் அறைந்தது. லாந்தர் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. பிள்ளைகள் போர்வையை இழுத்துக்கொண்டார்கள். ஷவுக்கத் நங்கோனா குடிக்கிற வழக்கப்படி ஒரு கை தட்டி, சிரட்டையை வாங்கிக் குடித்தார். இப்போது சிரிக்கவில்லை.

அப்பாசாமி போய்ப் பத்து வருஷம் கழித்து ரோடு இலாகாவிலிருந்து ஒரு ஓவர்சியர் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் வரைக்கும் காலுறை, கையில் சுத்தியல். இவர்தான். அப்போது தலை நிறைய முடி. சர்க்கார் அந்த மண் ரோட்டை எடுத்துக்கொள்ளப் போகிறது. பாலம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். வந்த நாள் தீமிதி நாள். அது அவருக்குத் தெரியாது.

அந்த மத்தியானத்துக்குத்தான் வருகிறேன். கடல் இறங்கியிருந்தது. பாலத்துக்குக் கீழே வெறும் சேறு. கம்லாவின் புருஷன் பல்ராம், உடுக்கை அடிக்கிறவன், விரதத்தோடு மஞ்சள் வேட்டியில் இவர் கூட இறங்கினான். அங்கே நடந்ததைப் பல்ராம் சாகிற வரைக்கும் ஒரே மாதிரிதான் சொன்னான். இந்தச் சதேந்திரா சாட்சி.

"மாமா ஒரு எழுத்து மாத்தினதில்ல," என்றான் சதேந்திரா.

ஓவர்சியர் சுத்தியலால் தட்டினார். டங்... டங்... அது நல்ல கான்கிரீட். கொஞ்சம் தள்ளித் தட்டினார். டொக். அது சொத்தை. டொக்... டொக்... எங்கே தட்டினாலும் டொக். நடு உத்தரத்துக்கு வந்தார். ஒரு தட்டு.

டொக்.

உள்ளேயிருந்து... டொக்.

பல்ராம் இவரைப் பார்த்தான். இவர் சுத்தியலைப் பார்த்தார்.

"எதிரொலி," என்றார் ஷவுக்கத். அன்றைக்குச் சொன்னதும் அதுதான், இப்போது சொன்னதும் அதுதான்.

இரண்டு தட்டினார். உள்ளேயிருந்து மூன்று வந்தது.

எனக்குத் தெரிந்து கணக்குத் தப்பாகப் போடுகிற எதிரொலி அது ஒன்றுதான்.

அப்புறம் வாசனை. ஈர இரும்பு வாசனை எப்போதும் அங்கே உண்டு. அதற்கு மேல், மெதுவாக... சுலுக்கா. பச்சையாக இப்போதுதான் பற்றவைத்த மாதிரி. அந்த வட்டாரத்தில் அன்று யாரும் புகைக்கமாட்டார்கள். ஊரே விரதம்.

உளியால் ஒரு இடத்தைப் பெயர்த்தார் இவர். உள்ளே கம்பி. கம்பி என்றா சொன்னேன்? கருகிய ரொட்டி மாதிரி ஏடு ஏடாகக் கையோடு வந்தது. விரலால் கசக்கினார். தூள்.

"இது நிக்கக் கூடாது," என்றாராம். "இது எப்பவோ விழுந்திருக்கணும்."

அப்போதுதான் பல்ராம் கீழே பார்த்தான். நடு உத்தரத்துக்கு நேர் கீழே, சேற்றில், இரண்டு கால் தடம். ஆழமாக. சுற்றிலும் தண்ணீர் நசநசவென்று ஊறுகிறது. அந்த இரண்டு குழிக்குள் மட்டும் ஒரு சொட்டு இல்லை. தடத்தில் குதிகால் இல்லை. முன்பாதமும் விரலும் மட்டும். பேய்க்குக் குதிகால் கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள் பிள்ளைகளே.

பூக்குழிக்கு விறகு ஏற்றிய வண்டி ஒன்று மேலே பாலத்தில் ஏறியது. கடக்... கடக்... கடக்... வண்டி நடுவுக்கு வந்தது.

கால் தடம் இரண்டும் கண்ணெதிரே இன்னும் ஒரு விரல் ஆழம் அமுங்கின.

எங்கேயோ பக்கத்தில் ஒரு முனகல். பாரம் தூக்குகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

"ம்ம்ம்ம்..."

வண்டி கடந்தது. மூச்சு நின்றது.

"சேறு," என்றார் ஷவுக்கத். "மேல பாரம் வந்தா கீழ சேறு அமுங்கும். அதுக்குச் சத்தமும் வரும்." சொல்லிவிட்டுச் சிரட்டையை எடுத்தார். அது காலி என்பதைக் கவனிக்காமல் வாயில் வைத்துக் குடித்தார்.

கடல் ஏற ஆரம்பித்தது. சாயங்காலம் கரகம் கிளம்பிவிட்டது. இக்கரையில் முகத்துவாரத்தில் குளித்து, நாக்கில் வேல் குத்தி, மஞ்சளும் வேப்பிலையுமாக ஜனம் வருகிறது. முன்னால் கம்லா. தலையில் கரகம். பிள்ளைகள், கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் பின்னால். பாலத்தின் வாயில் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு ஓவர்சியர்.

"அக்கா, வேணாம். உள்ள கம்பியே இல்ல. வெறும் தூள். இத்தனை பேர் ஒரே நேரத்துல ஏறினா அப்படியே போயிடும். கரகத்தை இறக்கி வைங்க. தண்ணி வத்தினதும் ஆத்துல இறங்கிப் போகலாம்."

"எடுத்த கரகம் கோயில்லதான் இறங்கும்," என்றான் பல்ராம். மத்தியானம் பார்த்ததை அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கம்லா கண்ணை இமைக்காமல் பார்த்தாள்.

"தம்பி, துரை குழாயைப் பூட்டினப்போ எங்க அப்பா நின்னாரா? சர்க்காரு அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லிச்சே, அப்போ நின்னாரா? நீ ஒரு கயித்தைக் கட்டிட்டு என்னை நிக்கச் சொல்ற. அவரும் நிக்கல, நானும் நிக்கமாட்டேன். எடு கயித்தை."

"அக்கா, பிள்ளைங்க இருக்குதுங்க."

"அவருக்குத் தெரியும்."

கயிற்றை அவளே தாண்டினாள். அவளுக்குப் பின்னால் ஊரே தாண்டியது. உடுக்கை எழுந்தது. ஓவர்சியர் ஒரு நிமிஷம் நின்றார்... சட்டையைக் கழற்றி எறிந்தார். கரையில் கிடந்த ஒரு தென்னங்கட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். தண்ணீரில் குதித்தார்.

"விழுந்தா என் தலையில விழட்டும்!"

மேலே பல்ராமின் கையில் உடுக்கை ஒரு அடி தவறியது. அந்த வார்த்தையை இவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

கரகம் நடுப்பாலத்துக்கு வந்தது. கிர்ர்ர்... என்று அடியில் ஒரு இழுப்பு. சிவப்புத் தூள் மழை மாதிரித் தண்ணீரில் கொட்டியது. பாலம் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. கிழவிகள் அலறினார்கள். கம்லா நிற்கவில்லை. அப்போது காலுக்குக் கீழே பாலம்... மேலே ஏறியது. பல்ராம் சொல்வான், அலையில் படகு எழும்புகிற மாதிரி என்று. தாழ்ந்த கான்கிரீட் தானாக எழும்பி எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எழும்பி, நேரானது. அப்படியே நின்றது. கடைசிக் குழந்தை அக்கரையில் கால் வைக்கிற வரைக்கும் நின்றது.

அப்புறம் இவர் கீழேயிருந்து வெளியே வந்தார். கட்டை கையில் இல்லை. மார்பு வரைக்கும் தண்ணீர், தலை முழுக்கத் துரு. கரையேறினார்.

பாலம் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க உழைத்த ஆள் உட்காருகிறபோது விடுகிற மூச்சு மாதிரி... ஹாஆஆ... மொத்தமாகத் தண்ணீரில் உட்கார்ந்தது.

ஜனம் ஓடிவந்து கேட்டது. என்ன நடந்தது, கீழே என்ன பார்த்தாய், எப்படித் தாங்கியது? இவர் சொன்னார்: "துரு. வேற ஒண்ணும் இல்ல." அன்றைக்கும், இன்றைக்கும்.

நான் நிறுத்தினேன். எல்லாரும் ஷவுக்கத்தைப் பார்த்தார்கள். அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்க்காட்டி என்ன? கீழே என்ன இருந்ததுன்னு நான் சொல்றேன்," என்றேன். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆறரை அடி உருவம். தலையிலே முடிக்குப் பதில் கடல்பாசி. கண்ணு ரெண்டும் லாரி லைட்டு. உத்தரத்துல தலை இடிக்காம குனிஞ்சுக்கிட்டு நிக்குது. ஒற்றைக் கை மேலே, இன்னொரு கையிலே சுலுக்கா. நம்ம பாயைப் பார்த்து இடி மாதிரிச் சிரிச்சு, 'டேய் ஓவர்சியரு!' அப்படின்னு..."

"போதும் அண்ணே."

"பயமா இருக்கா பாய்?"

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு. அவரு நெட்டை இல்ல. குள்ளம். என் தோளுக்குத்தான் வருவாரு."

சதேந்திரா சிரட்டையை மெதுவாகக் கீழே வைத்தான். "குள்ளம்தான், பாய்," என்றான். "அண்ணன் வேணும்னேதான் இத்தனை நேரம் ஆறரை அடின்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. ஆனா நீங்க உப்பாத்துக்கு வந்தப்போ அவரு செத்துப் பத்து வருஷம். ஒரு போட்டோகூடக் கிடையாது எங்கக்கிட்ட. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஸைரா ஷவுக்கத்தின் கையைப் பிடித்தாள். அவர் எங்களுக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், லாந்தருக்குச் சொல்கிற மாதிரிப் பேசினார்.

"குதிகால் இல்லைன்னு சொன்னீங்களே. பேய்ங்கிறதால இல்ல. உத்தரம் அவருக்கு எட்டாது. எம்பி நின்னுக்கிட்டிருந்தாரு. அத்தனை வருஷமும் எம்பியேதான் நின்னிருக்காரு. நான் கட்டையை முட்டுக் கொடுத்தேன், முறிஞ்சு போச்சு. தாழ்ந்து வந்த உத்தரத்துக்குத் தோளை வச்சேன். கழுத்து உடையுதுன்னு நினைச்சேன். அப்போ பாரம் குறைஞ்சுது. பக்கத்துல ஆளு. வழுக்கைத் தலை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. கோபமா இருந்தாரு. 'என் பாலத்துக்குக் கீழ உனக்கு என்னடா வேலை?'ன்னாரு."

ஷவுக்கத் எழுந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தார். லாந்தர் பக்கத்தில் வைத்து அவிழ்த்தார். முழ நீளக் கம்பி. பாலம் விழுந்த மறுநாள் தண்ணீர் வற்றினதும் நடு உத்தரத்திலிருந்து எடுத்ததாம். ஏடு ஏடாக வெடித்து, பிரித்த வேகத்திலேயே சாக்கில் சிவப்பாக உதிர்ந்தது.

நடுவில் நான்கு விரல் அகலம் மட்டும் உதிரவில்லை. அங்கே துருவே இல்லை. வருஷக் கணக்காகக் கை பட்டுத் தேய்ந்த மண்வெட்டிக் காம்பு மாதிரி, வழவழவென்று, லாந்தர் வெளிச்சம் அதில் வழிந்தது.

"லாமி உப்புக் காத்துல கதவு கீலுகூட வருஷம் தாங்காது," என்றார். "இதுக்கு எண்ணெய் போட்டதில்ல, துடைச்சதில்ல. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தூளா உதிருது, ஸைரா பெருக்கித் தள்ளறா. இந்த இடம் மட்டும் இப்படியே."

எனக்குக் கை துறுதுறுத்தது. இருபது வருஷமாகத் தேடிய சாட்சி அல்லவா. தொட்டுப் பார்க்க விரலை நீட்டினேன்.

ஷவுக்கத் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. எட்ட நின்ற என் விரல் நுனியிலோ, அந்தக் கம்பியிலிருந்து சூடு அடித்தது.

"தொடாதீங்க அண்ணே. நடந்துச்சு. நீங்க சொன்னது எல்லாம் நடந்துச்சு. அவரு இன்னும் கையை எடுக்கல."